குச்சியோடு வந்த வெள்ளை: சேலம், நாமக்கல் மரவள்ளிக் காடுகளில் ஒரு நிகழ்வு ஆய்வு

நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் பெரியப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர். கிணற்றுப் பாசனம், இப்போது சொட்டுநீர். 2021 மாசிக் கடைசியில் நான் போனபோது அதில் ஐந்து மாத மரவள்ளி நின்றது. அந்த வயதுச் செடி ஆள் உயரம் தாண்டி, உள்ளே நுழைந்தால் வெயிலே தெரியாத அளவுக்கு இலை விரித்திருக்க வேண்டும். இதுவோ இடுப்பளவுதான். நுனிக் கொழுந்துகள் விரியாமல் ஒன்றோடொன்று சுருண்டு, கொண்டை முடிந்ததுபோலக் கட்டியாக இருந்தன. கணுவுக்குக் கணு அரை விரல் இடைவெளிகூட இல்லை. தண்டே முறுக்கிக்கொண்டு வளைந்திருந்தது. ஒரு கொண்டையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே கோலமாவு கொட்டியதுபோல வெள்ளை.

"கள்ளிப்பூச்சிதாங் கண்ணு. பத்து வருசத்துக்கு முன்னால வந்துச்சுல்ல, அதேதான். அப்ப குளவி உட்டாங்க, போயிருச்சு. இப்பவும் போயிரும்," என்றார். மாவுப்பூச்சியை எங்கள் பக்கம் கள்ளிப்பூச்சி என்போம்.

அவர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதி தவறாகப் போனதில் எங்கள் பக்கம் பலருக்கு ஒரு பருவம் வீணானது. அந்தத் தவறு எப்படி நேர்ந்தது, எப்படிச் சரியானது, சரியாகாமல் நிற்பது எது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குச்சி

மரவள்ளியை எங்கள் ஊரில் குச்சிக்கிழங்கு என்போம். பயிரின் சங்கதி முழுக்க அந்தப் பெயரிலேயே இருக்கிறது. இதற்கு விதைக்கடை கிடையாது. போன பருவத்துச் செடியின் தண்டை, ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக, எட்டிலிருந்து பத்துக் கணு இருக்கும்படி நறுக்கி, கண் மேலே பார்க்க நட்டால் முளைத்துவிடும். வேளாண் துறைக்காரர்கள் இதை விதைக்கரணை என்பார்கள். இரண்டரை அடிக்கு இரண்டரை அடி நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ ஏழாயிரம் குச்சி. கிழங்கு பிடுங்கிய காட்டில் குச்சி கட்டுக்கட்டாகக் கிடக்கும். தெரிந்தவர் என்றால் சும்மா, இல்லையென்றால் வண்டி வாடகை கொடுத்தால் போதும். கையில் காசில்லாதவன் ஒரு பயிர் வைக்க வேண்டுமென்றால், நெல்லைவிடவும் மஞ்சளைவிடவும் இதுதான் கைக்கு எட்டும்.

பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் கொண்டுபோன இந்தச் செடி ஆப்பிரிக்காவின் சிறு விவசாயிகளிடம் அப்படிப் பரவியதற்கும் இந்தக் குச்சிதான் காரணம். இன்று உலகில் விளையும் மரவள்ளியில் பாதிக்கும் மேல் ஆப்பிரிக்காவில் விளைகிறது, நைஜீரியா முதலிடத்தில். அங்கே இது சாப்பாடு. ஊறவைத்து, இடித்து, புளிக்கவைத்து, வறுத்து மூன்று வேளையும் உண்கிறார்கள். விளைந்த கிழங்கை உடனே பிடுங்கியாக வேண்டும் என்பதில்லை, ஒரு வருடம் இரண்டு வருடம்கூட மண்ணிலேயே கிடக்கும். மழை பொய்த்தாலும் சண்டை வந்து ஊரே ஓடித் திரும்பினாலும் காட்டுக்குள் உணவு இருக்கும்.

கேரளத்தில் இதைச் சோற்றுக்கு மாற்றாக்கியவர் 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. இரண்டாம் உலகப்போரில் பர்மா ஜப்பான் கைக்குப் போய் அரிசி நின்றபோது, அங்கே ஏழை வீடுகளை நிற்கவைத்தது கப்பை என்று அவர்கள் சொல்லும் இந்த மரவள்ளிதான்.

எங்கள் கதை வேறு. நாங்களும் தின்போம். சாயங்காலம் உப்புப் போட்டு வேகவைத்து, பச்சைமிளகாய்ச் சட்னியோடு. ஆனால் காட்டில் விளைவதில் வீட்டு அடுப்புக்கு வருவது கூடைக் கணக்குத்தான். மீதி லாரியில் ஏறி ஆலைக்குப் போகும். உலகப்போர் காலத்தில் கிழக்கிலிருந்து வந்த சேகோ நின்றுபோனதும், 1943 வாக்கில் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார் மரவள்ளி மாவில் ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார். உண்மையான சேகோ ஒரு பனைவகை மரத்தின் சோற்றிலிருந்து எடுப்பது. நம் பாயாசத்தில் மிதப்பது குச்சிக்கிழங்கு. கிழங்கைத் தோலுரித்து அரைத்து, பாலை வடித்துத் தொட்டியில் தெளியவைத்து, ஈர மாவைக் குலுக்கி உருட்டி, வறுத்துக் களத்தில் காயப்போட்டால் ஜவ்வரிசி. 1981ல் ஆலைக்காரர்கள் சேர்ந்து சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவு சங்கத்தைத் தொடங்கினார்கள். 2023ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

பாயிண்ட்

ஆலைக்காரர் தருகிற விலையில் எடை பாதிதான், மீதி பாயிண்ட். கிழங்கின் மாவுச்சத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள். கிழங்கைக் காற்றில் ஒருமுறையும் தண்ணீருக்குள் முக்கி ஒருமுறையும் எடைபோட்டால் மாவு எவ்வளவு என்று கணக்குத் தெரிந்துவிடும். இருபத்தெட்டு, முப்பது என்று பாயிண்ட் நின்றால் பேச்சு மரியாதையாக இருக்கும். இருபதுக்குப் பக்கத்தில் இறங்கினால் லாரியைத் திருப்பிக்கொண்டு போகச் சொல்லாத குறைதான்.

திருப்பிக்கொண்டு போகவும் முடியாது. பிடுங்கிய மரவள்ளி இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக் கோடு ஓடிக் கெட ஆரம்பிக்கும். மண்ணுக்குள் மாதக்கணக்கில் கிடக்கும் கிழங்கு மண்ணைவிட்டு வந்ததும் பால்போலத் திரிந்துவிடுகிறது. காங்கோ விவசாயிக்குக் காட்டிலேயே விட்டுவைப்பது சேமிப்பு. பெரியப்பாவுக்கு அது கட்டுப்படியாகாது. அடுத்த பயிருக்கு நிலம் வேண்டும், நகைக்கடன் தவணை நிற்கிறது. நடுவில் ஒரு மழை பெய்து செடி மறுபடி துளிர்த்தால் கிழங்கில் இருந்த மாவு தளிருக்குப் போய் பாயிண்ட் இறங்கிவிடும். ஆலையில் மக்காச்சோள மாவு கலக்கிறார்கள், அதனால்தான் கிழங்கு விலை எழவில்லை என்ற புகார் தனி. அதைச் சொல்லப்போனால் இந்தக் கட்டுரை போதாது.

கொல்லிமலையின் கணக்கு இன்னும் இறுக்கமானது. அங்கே மலையாளி என்ற பழங்குடி மக்கள் சாமையும் தினையும் கேழ்வரகும் போட்ட சரிவுகளில் கடந்த நாற்பது ஆண்டுகளில் மரவள்ளி ஏறிவிட்டது. சாமையைக் குத்திப் புடைத்து அரிசியாக்குவது பெண்களின் பல மணி நேர வேலை. மரவள்ளியோ நட்டுவிட்டால் மானாவாரியில் தானாக விளையும், மொத்தமாகக் காசு வரும். மாறியதில் தப்புச் சொல்ல நான் யார்? ஆனால் வீட்டுக் குதிரில் இருந்த தானியம் போய், அடிவாரத்து ஆலை விலையை எதிர்பார்க்கும் நிலை வந்துவிட்டது. பூச்சி வந்தபோது சமவெளிக்காரருக்கு ஒரு பயிர் போனது. மலைமேல் வேறு பயிரே இல்லாத வீடுகளும் இருந்தன.

இந்தியாவின் மரவள்ளி விளைச்சல் எக்டருக்கு முப்பது டன்னுக்கு மேல். உலக சராசரியைப்போல இரண்டரை மடங்குக்கும் கூட. அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு பாயிண்ட் இறங்கிய வருடத்தில் ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டு வெள்ளைப் பூச்சிகள்

பெரியப்பா சொன்ன பழைய கள்ளிப்பூச்சி, பப்பாளி மாவுப்பூச்சி. 2008ல் கோயம்புத்தூரில் பப்பாளியில் முதலில் தென்பட்டது. அடுத்த இரண்டு வருடத்தில் மல்பெரி, பருத்தி, மரவள்ளி என்று ஏறாத செடியில்லை. வேலியோரச் செடிகளெல்லாம் வெளுத்துக் கிடந்தன. 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து, பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகளில் மூன்று வகையைக் கொண்டுவந்தார்கள். அவற்றில் அசிரோஃபேகஸ் பப்பாயே என்பது ஊன்றி நின்றது. ஒரு வருடத்துக்குள் பூச்சி அடங்கியது. எங்கள் ஊரில் அதைப் பார்த்த யாரும் மறக்கவில்லை. பெரியப்பாவின் நம்பிக்கை அங்கிருந்து வந்தது.

2021ல் அவர் காட்டில் இருந்ததை நகத்தில் வைத்து நசுக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக ஒட்டியது. பப்பாளிப் பூச்சி என்றால் மஞ்சளாக இருந்திருக்கும். மேல்மாவு இரண்டுக்கும் ஒன்றுதான், உடம்பின் நிறம் வேறு. சேதமும் வேறு. பழைய பூச்சி இலையை வெளுக்கவைத்து உதிர்த்தது. இது கொழுந்தைக் கொண்டையாக்கித் தண்டையே முறுக்கியது. இது மரவள்ளி மாவுப்பூச்சி, ஃபெனகாக்கஸ் மனிஹோட்டி. இந்தியாவில் 2020 ஏப்ரலில் திருச்சூரில்தான் முதன்முதலில் கண்டறிந்தார்கள். ஊரடங்கு நேரம். சில மாதங்களில் அது சேலம், நாமக்கல் காடுகளில் இருந்தது. ஆண் பூச்சி தேவையில்லாமல் பெண் மட்டுமே நூற்றுக்கணக்கில் முட்டையிடும் இனம். ஒன்று வந்தால் போதும். குச்சியின் கணு இடுக்கில் ஒட்டிக்கொண்டு லாரியில் எத்தனை மைல் போனாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

பழைய குளவி இதைத் தொடவில்லை. ஒட்டுண்ணிக் குளவிகள் பெரும்பாலும் ஒரு பூச்சிக்கென்றே ஆனவை, பக்கத்து வீட்டுப் பூச்சியைத் தேடிப் போகாது. இது புரியும்வரை எங்கள் பக்கம் செய்தது இரண்டு. ஒன்று, காத்திருந்தது. இன்னொன்று, மருந்தடித்தது. பூச்சியின் மேல் இருப்பது மெழுகு மாவு, தண்ணீர் உருண்டோடிவிடும். மீதிப் பூச்சி கொண்டைக்குள் ஒளிந்திருக்கும். விசைத்தெளிப்பானை முதுகில் கட்டிக்கொண்டு மூன்று தடவை அடித்த பக்கத்துக் காட்டுக்காரர் செலவை மட்டும்தான் கூட்டிக்கொண்டார். மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டுகள் செத்ததுதான் மிச்சம்.

கொண்டையை ஒடித்து எரிக்கச் சொன்னார்கள். அதைச் செய்தவர்களுக்குக் கொஞ்சம் பலன் கிடைத்தது. ஒடித்ததை வரப்பில் போட்டுவிட்டு வந்தவர்களுக்கு இரட்டை நட்டம். பூச்சி அடுத்த காட்டுக்கு ஊர்ந்து போனது, ஒரு வீட்டில் ஆடும் போனது. பச்சை மரவள்ளித் தழையில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம், அவசரத்தில் மறந்துவிட்டார்கள்.

நாற்பது வருடத்துக்கு முன் இதே தப்பு

இந்த இடத்தில் ஆப்பிரிக்காவுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. எங்களுக்கு நடந்தது அங்கே முன்பே நடந்திருக்கிறது, தப்பு உட்பட.

1970களின் தொடக்கத்தில் காங்கோ ஆற்றின் இரு கரையிலும் இதே பூச்சி தென்பட்டது. தென்னமெரிக்காவிலிருந்து நடவுக்குச்சியோடு வந்திருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்கள் சொல்வது. பத்து வருடத்தில் செனகல் முதல் மொசாம்பிக் வரை பரவியது. சில இடங்களில் விளைச்சலில் முக்கால் பங்குக்கு மேல் போனது. குச்சியே முறுக்கிக்கொண்டதால் அடுத்த நடவுக்கு நல்ல குச்சி கிடைக்கவில்லை. கோடிக்கணக்கானோரின் அன்றாடச் சோறு அது.

நைஜீரியாவின் இபடானில் இருக்கும் சர்வதேச வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில் சுவிஸ் நாட்டுப் பூச்சியியலாளர் ஹான்ஸ் ஹெரன் இதைக் கையில் எடுத்தார். பூச்சி பிறந்த ஊரில் அதன் எதிரியும் இருக்கும், அங்கே போய்த் தேடு என்பது பழைய சூத்திரம். தேடினார்கள். தென்னமெரிக்காவின் வடபகுதியில் மரவள்ளியில் ஒரு மாவுப்பூச்சியும் அதைத் தாக்கும் குளவிகளும் கிடைத்தன. கொண்டுவந்து விட்டுப் பார்த்தால் ஆப்பிரிக்கப் பூச்சியில் அவை பிழைக்கவில்லை. காரணம் பிறகு தெரிந்தது: அது பார்வைக்கு இதைப்போன்ற வேறு இனம். பெரியப்பாவுக்கு நேர்ந்ததுதான் நிபுணர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. இதைச் சொன்னபோது அவருக்குக் கொஞ்சம் திருப்தி.

உண்மையான பூச்சியை 1981ல் பராகுவேயில் கண்டுபிடித்தவர் பூச்சியியலாளர் ஆந்தனி பெல்லோட்டி. அதனோடு கிடைத்த குளவிதான் அனாகைரஸ் லோபெசி. லண்டனில் தனிமைப்படுத்திச் சோதித்து, அந்த ஆண்டுக் கடைசியிலேயே நைஜீரியாவில் விட்டார்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அது மரவள்ளி விளையும் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் குடியேறிவிட்டது. ஹெரனுக்கு 1995ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

பிறகு பூச்சி ஆசியாவுக்கு வந்தது. தாய்லாந்தில் 2008ல். வறட்சியும் சேர்ந்துகொள்ள, 2009ல் சுமார் 3 கோடி டன்னாக இருந்த அந்நாட்டு உற்பத்தி மறுவருடம் 2.2 கோடி டன்னுக்கு இறங்கியது. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து அதே குளவியை வரவழைத்தார்கள், அங்கேயும் வேலை செய்தது. திருச்சூரில் பூச்சி தெரிந்த அன்றே தீர்வு என்ன என்று உலகத்துக்குத் தெரியும். பெனினிலிருந்து எங்கள் சேலத்து ஏத்தாப்பூருக்கு அது வந்துசேர ஏறத்தாழ இரண்டு வருடம் ஆனது. வெளிநாட்டு உயிரியைச் சோதிக்காமல் விட முடியாது என்பது எனக்கும் புரிகிறது. புரிந்தாலும், அந்த இரண்டு வருடம் பெரியப்பாவின் கணக்குநோட்டில் இருக்கிறது.

குளவி வந்த பிறகு

பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் 2021ல் பெனினிலிருந்து குளவியைத் தருவித்துச் சோதித்துப் பெருக்கியது. 2022 மார்ச் 7 அன்று சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில், வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதல் வெளியீடு நடந்தது.

எங்கள் பக்கத்துக் காட்டில் விட்டபோது நான் கூட இருந்தேன். குளவி என்றதும் கொட்டுமோ என்று இரண்டு பெண்கள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார்கள். புட்டியைத் திறந்தால் எள்ளைவிடச் சின்னதாக ஏதோ கருப்பாக நகர்ந்து இலையடியில் மறைந்தது. "இதுவா?" என்றார் பெரியப்பா. அவ்வளவுதான் நிகழ்ச்சி.

மூன்று வாரம் கழித்துக் கொண்டையைப் பிரித்தபோது வெள்ளைக்கு நடுவே பழுப்பாக, கெட்டியாக, சின்ன உருண்டைகள். செத்த மாவுப்பூச்சிகளின் கூடு. பெண் குளவி பூச்சிக்குள் முட்டையிடும், புழு உள்ளேயே அதைத் தின்று வளரும், கடைசியில் ஓட்டைத் துளைத்துக்கொண்டு புதுக் குளவி வரும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அந்த ஓட்டை தெரியும். பெரியப்பாவின் பேத்தி எண்ணிக்கொண்டே போனாள், நாற்பதுக்கு மேல் சலித்துவிட்டது.

அடுத்த மழைக்காலமும் சேர்ந்து உதவியது. மழையில் மாவுப்பூச்சி கழுவிப் போகும் என்பதால் முழுப் பெருமையையும் குளவிக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் அதற்கடுத்த கோடையில் கொண்டைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தன, செடி ஆள் உயரம் போனது. பூச்சி ஒழியவில்லை, ஒழியவும் கூடாது. அது கொஞ்சம் இருந்தால்தான் குளவிக்குச் சோறு. இதை விளக்கினால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். பிறகு நாலு வெள்ளையைப் பார்த்ததும் மருந்துக்கடைக்குப் போகிறார்கள்.

குளவிக்கு எந்த விவசாயியும் காசு கொடுக்கவில்லை. யாரோ விட்டார்கள், அது தானாகக் காடு தாண்டிப் போனது. சிறு விவசாயிக்கு இதைவிடத் தோதான வைத்தியம் கிடையாது.

குச்சி விஷயம்தான் அப்படியே நிற்கிறது. சும்மா கிடைக்கிற பொருளுக்குப் பொறுப்பாளி இல்லை. யார் காட்டுக் குச்சி, எங்கிருந்து வந்தது, நோய் உண்டா என்று சொல்ல ஒரு சீட்டும் கிடையாது. முள்ளுவாடி, குங்குமரோஸ், தாய்லாந்து என்று ரகத்தின் பெயர் மட்டும் வாயால் சொல்வார்கள். இலை திட்டுத்திட்டாக வெளிறும் தேமல் நோய் இப்படித்தான் பத்தாண்டுக் கணக்கில் எங்கள் காடுகளில் தங்கியிருக்கிறது. வெள்ளை ஈயும் பரப்பும், ஆனால் பாதி வேலையை நாமே கைவண்டியில் செய்கிறோம். தேமலுக்குக் காரணமான வைரஸ்களில் ஒன்றுக்கு இலங்கையின் பெயர். அது 2015ல் கம்போடியாவில் தெரிந்தது, பிறகு வியட்நாம், தாய்லாந்து. அங்கேயும் வியாபாரிகள் எல்லை தாண்டிக் குச்சி கட்டி அனுப்புகிறவர்கள்தான். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் நல்ல ரகங்கள் தருகிறது, ஏத்தாப்பூரும் தருகிறது. ஆனால் ஒரு செடியிலிருந்து ஒரு பருவத்தில் பத்துக் குச்சி தேறும். நெல் விதைபோல மூட்டையாகப் பெருக்க முடியாது. அதனால் புது ரகம் ஊருக்குள் வந்துசேர்வதற்குள் அதிலும் தேமல் ஏறிவிடுகிறது.

ஊருக்கு ஒருவர் கால் ஏக்கரில் நோயில்லாத குச்சிக்கென்றே பயிர் வைத்து, கட்டுக்கு இவ்வளவு என்று விற்றால் நடக்குமா என்று பெரியப்பாவிடம் கேட்டேன்.

"குச்சிக்குப் போயி காசு வாங்கறதா? ஊர்ல சிரிப்பாங்க சாமி."

போன அறுவடையில் அவருக்குப் பாயிண்ட் இருபத்தேழு வந்தது. குச்சிக் கட்டுகளை வேப்பமரத்து நிழலில் நிறுத்தி வைத்திருந்தார், படுக்கவைத்தால் கண் கெட்டுவிடும். நான் கிளம்பும்போது ஒவ்வொன்றாக உருவிக் கணு இடுக்கைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தியால் நுனியைச் சீவி, பால் கசிகிறதா என்று பார்த்துவிட்டு வலப்பக்கம் போடுவார். சந்தேகமானது இடப்பக்கம். இடப்பக்கக் குவியலைக் காட்டி, எரிக்கத்தானே என்றேன்.

"கீழக்காட்டுக்காரன் கேட்டிருக்கான்," என்றார்.